வேறு வண்டியின் மூடி

இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவேன். அத்தை முகத்தைப் பார்த்து, இத்தனை பேருக்கு நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுவேன்.

ஸ்ரீமதி இப்படி நினைத்து முடிப்பதற்குள் அத்தை கேட்டுவிட்டாள்.

“ஏட்டி, ஒன்னயத்தான் கேக்கேன். நல்லா ஓடுன காரு நடுரோட்டுல எப்படி நிக்கும்?”

இது நான்காவது முறை. பிச்சம்மாள் அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கீழப்பாவூரிலிருந்து காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். வந்ததிலிருந்து தம்பியின் தலைமாட்டை விட்டு அசையவில்லை. துட்டிக்கு, சாவுத் துக்கம் கேட்க, புது ஆள் யார் உள்ளே வந்தாலும் முதலில் கட்டிப்பிடித்து அழுவாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு ஸ்ரீமதியிடம் திரும்பி அதே கேள்வியைக் கேட்பாள்.

ஸ்ரீமதி சொல்லவில்லை. ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்தாள். அப்பாவின் முகம் துலங்கியது. நெற்றி நிறையத் திருநீறு. தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியால், பல்வலிக்காரர் போல இருந்தார். இரண்டு நிமிடத்தில் கண்ணாடி மறுபடி மங்கும். மறுபடி துடைக்கலாம். கைக்கு அந்த ஒரு வேலையாவது இருந்தது.

“வாயத் தொறக்காளா பாரு” என்றாள் அத்தை, பக்கத்து வீட்டுக்காரியிடம். “குத்தாலத்துலருந்து தென்காசிக்கு அஞ்சு கிலோமீட்டரு. எருமமாடு கூட வழி தெரிஞ்சு போயிரும். இவ மேலகரத்துல கொண்டு போயி நிறுத்திருக்கா.”

“விதி, ஆச்சி. அவ என்ன செய்வா?”

“விதிக்கு லைசென்சு எடுத்துக் குடுத்தது யாரு? எந்தம்பிதான். அவன் தலையெழுத்து.”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

ஓட்டத் தெரியாமல் நிறுத்திவிட்டாள். காலையிலிருந்து வீட்டில் இதுதான் பேச்சு. ஸ்ரீமதிக்கு அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வலிக்குள் ஒரு சௌகரியமும் இருந்ததை அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். சின்னப் பழி ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றால் பெரியது நனைக்காமல் போய்விடும் என்பது போல.

காலையில் காப்பி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மணி ஆறேகால் இருக்கும். நூற்றெட்டுக்கு போன் செய்யப் போனவளைக் கையைக் காட்டித் தடுத்தார்.

“அந்த வண்டி கத்திட்டு வரும். தெரு பூரா வேடிக்க பாக்கும். நம்ம காரு நிக்கில்லா, எடு.”

ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயதிலும் யாரும் தன்னைப் படுத்த நிலையில் பார்த்துவிடக் கூடாது. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கைத்தாங்கலைத் தட்டிவிட்டு, தானே நடந்து வந்து முன்சீட்டில் ஏறினார். எட்டு நாளாக எடுக்காத கார் முதல் சாவியிலேயே கிளம்பிவிட்டது. சீசன் கூட்டம். எதிரே அருவிக்குப் போகும் வேன்கள். சன்னல்களில் துண்டுகள். இரண்டு கிலோமீட்டர் கூடப் போகவில்லை. மேலகரத்துக்குள் நுழையும்போது கார் ஒரு முறை குலுங்கியது. இன்னொரு முறை குலுங்கியது. நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பத் திருப்ப அது இருமியதே தவிரப் பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன். அப்பாவின் வேர்வை சட்டையைத் தாண்டி சீட்டில் இறங்கியிருந்தது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒனக்கு ஓட்டத் தெரியலட்டி” என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போன நான்கு பேர் தங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கி இடம் கொடுத்தார்கள். அவரைத் தூக்கி வைத்ததும் அவர்கள்தான். எண்ணெய்க் கறை அப்பாவின் வேட்டி முழுக்கப் பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினொன்றரைக்கு வாசலில் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. மெக்கானிக் பிச்சையா, காரைத் தன் ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். முற்றத்தில், மதில் ஓரமாக, அது எப்போதும் நிற்கும் இடத்தில் கொண்டு நிறுத்தினார். ஷெட் காலியில்லை. ஜூன் பிறந்தால் அப்பா ஷெட்டைச் சீசன் பழக்கடைக்குக் கொடுத்துவிடுவார். கார் ஆவணி வரை சாரலில் நிற்கும். குற்றாலத்தில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். மனிதர்களே மாடிக்கு ஏறிக்கொண்டு கீழ்வீட்டைச் சீசன் பார்ட்டிகளுக்கு விட்டுவிடுவார்கள், கார் எம்மாத்திரம். இன்று கடைக்காரர் மரியாதைக்குப் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். அப்படியும் ஈரத் தலையோடு வந்தவர்கள் பந்தலுக்குள் எட்டிப் பார்த்து, மங்குஸ்தான் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பெட்டியைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு போனார்கள்.

ஸ்ரீமதி எழுந்து சன்னல் வழியே பார்த்தாள். பிச்சையா பின்சக்கரத்துக்கு மேலே குனிந்து பெட்ரோல் மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. உண்மையில் மேலகரத்தில், கார் இரண்டாம் தடவை குலுங்கியபோதே தெரிந்துவிட்டது.

அந்த மூடி இந்தக் காருடையது அல்ல. மூன்று வருடங்களுக்கு முன் சீசனுக்கு வந்த அண்ணன் உமாசங்கர் பங்க்கில் பெட்ரோல் போட்டான். கழற்றிய மூடியைக் கார் கூரைமேல் வைத்தான். அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அது எந்த ஓடையில் விழுந்ததோ. அன்றைக்குத் தென்காசியில் கிடைத்த ஏதோ ஒரு மூடியை வாங்கி மாட்டினான். கால் சுற்று சுற்றி நிற்கும். மூடினது போலத்தான் இருக்கும். விரலால் அசைத்தால் பால்பல் போல ஆடும். மூடியை மறைக்கும் வெளித்தகடு அதற்கு முன்பே ஒடிந்து போயிருந்தது. வளைவில் திரும்பினால் காருக்குள் பெட்ரோல் நாற்றம்.

“சென்னையில ஒரிஜினல் வாங்கி அனுப்புதேம்ப்பா” என்று சொல்லிவிட்டுப் போனான். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். நாற்றம் அடிக்கிறதே என்று யார் கேட்டாலும், “சங்கர் அனுப்புதான்” என்பார். ஒரு வருடம். இரண்டு வருடம். மகனுக்குப் போன் செய்யும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்டால் அவன் மறந்துவிட்டான் என்று தெரிந்துபோகும்.

போன மாசியில் ஸ்ரீமதியே திருநெல்வேலியில் சொல்லிவைத்துச் சரியான மூடியை வாங்கினாள். அவள் வேலை பார்ப்பது தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். மூடி சரியாக உட்காராத குழாயை வாழ்நாளில் அவள் மேஜையில் வைத்ததில்லை. தினமும் அந்தக் காரைக் கடந்து போவது நகத்துக்குள் சிராய் ஏறினது போல இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினாள். கடைசியில் ‘கடக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு முறை கழற்றி மாட்டினாள்.

மறுநாள் காலையில் அவளுடைய சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில், செய்தித்தாளில் சுற்றி அந்த மூடி இருந்தது. காரில் பழையது ஆடிக்கொண்டிருந்தது.

“அவன்தான் வாங்கித் தாரேன்னு சொல்லிருக்காம்லா” என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். “ஒனக்கு என்ன அவசரம்? வாங்கிக் குடுத்துட்டுக் காலம் பூரா சொல்லிக் காட்டவா?”

ராயகிரியில் கட்டிக்கொடுத்த வீட்டை விட்டு அவள் திரும்பி வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அதில் ஒரு நாளும் அப்பா அவளைப் போ என்று சொன்னதில்லை. இரு என்றும் சொன்னதில்லை. அவள் சமைத்ததைச் சாப்பிட்டார். அவள் ஓட்டிய காரில் ஏறினார். அவளிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளவில்லை என்ற தோரணையை மட்டும் விடவில்லை. மூடியை அடுக்களையில் இருந்த மருந்து அலமாரியின் மேல்தட்டில் போட்டாள். கேட்கட்டும், என்று நினைத்தாள். வாயைத் திறந்து கேட்கட்டும்.

பத்து நாளைக்கு முன்னால் கேட்டார்.

அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வெளியே சாரல் சரிந்து அடித்துக்கொண்டிருந்தது. அப்பா தலையில் துண்டோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார். அடுக்களைக்கு அவர் வருவதே இல்லை.

“அன்னைக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்தியே. அது கெடக்கா?”

மேல்தட்டு அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது. கை நீட்டினால் போதும்.

“கடையில திருப்பிக் குடுத்தாச்சு” என்றாள்.

சொல்லும்போது உடம்பில் பரவிய குளிர்ச்சியை அவளால் இப்போதும் உணர முடிந்தது. அருவியில் தலையைக் கொடுத்த முதல் நொடி மாதிரி. அப்பா “ம்” என்றார். சற்று நின்றார். “சரி. சங்கர்தான் வருவாம்லா” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு பால் கவர் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு போய், நனைந்துகொண்டே, மூடியின்மேல் போர்த்தி ரப்பர் பேண்டு போட்டார். பேண்டு இரண்டு தடவை கையிலிருந்து தெறித்து ஓடியது. அவர் குனிந்து தேடியதை அவள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாளில் அந்தக் கவர் காற்றில் போய்விட்டது. அதையும் பார்த்தாள். அவரிடம் சொல்லவில்லை.

“எளா, கண்ணாடி மங்குது. எங்க பாத்துட்டு நிக்க?” என்றாள் அத்தை.

ஸ்ரீமதி வந்து துடைத்தாள்.

உமாசங்கர் வரும்போது மணி இரண்டு. தூத்துக்குடியில் விமானம் இறங்கி அங்கிருந்து டாக்ஸி. வாசலிலேயே “யப்பா” என்று உடைந்தான். பெட்டியின்மேல் விழுந்தான். அத்தை அவன் முதுகைத் தடவிக் கொடுத்து, “எய்யா, கடைசி வரைக்கும் ஒம் பேருதானய்யா அவன் வாயில” என்று ராகம் எடுத்தாள். அது பொய்யில்லை என்பதுதான் ஸ்ரீமதிக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. அதையும் அத்தை கணக்கில் வைத்திருப்பாள்.

நீர்மாலைக்கு ஆள் கூப்பிட்டார்கள். அப்பாவைக் குளிப்பாட்டும் தண்ணீரை மகன்தான் குடத்தில் எடுத்து வர வேண்டும். உமாசங்கர் சட்டையைக் கழற்றி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினான். சங்கு ஊதுகிறவர் இன்னும் வந்து சேரவில்லை. பெரியவர்கள் பந்தலுக்குள் நாற்காலிகளில் இருந்தார்கள். அவன் மதிலோரம் போவதைப் பார்த்து ஸ்ரீமதியும் எழுந்தாள்.

“பொம்பளப்புள்ள எங்கட்டி வெளிய போற?” என்று அத்தையின் குரல் பின்னால் வந்தது. அவள் நிற்கவில்லை.

பிச்சையா ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பேட்டரியா அண்ணாச்சி?” என்றான் உமாசங்கர்.

“பேட்டரிக்கு ஒரு கேடும் இல்ல, தம்பி. இந்தா பாருங்க. டேங்குலருந்து எறக்குனது.”

பாட்டிலில் மேலே வெளிர் மஞ்சளாகப் பெட்ரோல். கீழே நான்கு விரற்கடைக்குத் தெளிந்த தண்ணீர். நடுவே கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு. ரத்தம் பிரிந்து நிற்கும் குழாய்களை நாள் முழுக்கப் பார்க்கிறவளுக்கு அந்தக் கோட்டைப் படிக்க யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

“மூடி வேற வண்டியோடது” என்றார் பிச்சையா. “ரப்பரு உக்காரவே இல்ல. ஷெட்டுல நின்னா ஒண்ணும் செய்யாது. ஒண்ணர மாசம் சாரல்ல நிக்கில்லா. ஸ்டார்ட்டு ஆவும். லைன்ல கெடக்க பெட்ரோல்ல ரெண்டு கிலோமீட்டர் ஓடும். பொறவு தண்ணியத்தான் இழுக்கும். யாரு ஓட்டுனாலும் நிக்கும், தம்பி. எங்கப்பன் வந்து ஓட்டுனாலும் நிக்கும்.” ஸ்ரீமதியைப் பார்த்தார். “உள்ள என்னென்னமோ பேசுதாவ. நான் வந்து சொல்லட்டாம்மா?”

“நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி” என்றான் உமாசங்கர்.

அவர் பாட்டிலைக் காரின் பின்பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். உமாசங்கர் மூடியை விரலால் அசைத்தான். ஆடியது.

“உள்ள யார்ட்டயும் சொன்னியா?”

“இல்ல.”

“மூணு வருசம். இங்கனயேதான இருக்க. ஒரு மூடி வாங்க முடியல, என்ன? அதுக்கும் நான் மெட்ராஸ்லருந்து வரணும்.”

“வாங்குனேன். மாட்டுனேன். அப்பா கழட்டி எங்கிட்டயே குடுத்துட்டாக. நீ அனுப்புவேன்னு.”

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெற்று மார்பில் சாரல் பொடிப்பொடியாகப் படிந்துகொண்டிருந்தது.

“நான் அன்னைக்கே வாங்கணும்னுதான் இருந்தேன்” என்றான். “வேலையில மறந்துட்டு. அவுக ஒரு தடவ ஞாபகப்படுத்திருக்கலாம்லா. எத்தன தடவ போன்ல பேசிருக்கோம்.”

ஸ்ரீமதி பாட்டிலில் இருந்த கோட்டைப் பார்த்தாள்.

“நீ வாங்குனது எங்க?”

“இருக்கு. மருந்து அலமாரியில.”

அவன் பந்தலைத் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். “எடுத்துட்டு வா. இப்ப மாட்டிருவோம். இதத் தூக்கி ஓடையில போட்டுருதேன். பிச்சையாட்ட நான் பேசிக்கிடுதேன். பேட்டரி போயிட்டுன்னு சொல்லிரு, முடிஞ்சு போச்சு. ஒன்னய யாரும் ஓட்டத் தெரியலன்னும் சொல்லமாட்டாக.”

“பத்து நாளைக்கு முன்னால அப்பா கேட்டாக” என்றாள்.

“என்னத்த?”

“அந்த மூடிய. இருக்கான்னு கேட்டாக. நான் இல்லன்னு சொல்லிட்டேன். திருப்பிக் குடுத்துட்டேன்னு.”

உமாசங்கர் அவளை இப்போதுதான் முழுதாகப் பார்த்தான். அடிக்கக் கை ஓங்குவான் என்று நினைத்தாள். ஓங்கினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். ஆனால் அவன் தோள்கள் மெல்லத் தணிந்தன. முகத்தில் ஏதோ இறுக்கம் விட்டது. பாரம் தூக்கிக்கொண்டு வந்தவன் பாதி வழியில் இன்னொரு ஆளைக் கண்டுவிட்டது போல. அவளுக்கு அண்ணன்மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த நொடியில் ஒன்றாகத் திரண்டது, அவன் மூடியைத் தொலைத்ததற்காக அல்ல, இதற்காக.

“ஏன்ட்டி அப்படிச் சொன்ன?” என்றான். கேள்வியில் கோபமே இல்லை.

“சொல்லணும்னு இருந்திச்சு.”

“சரி. விடு. நடந்தது நடந்து போச்சு.” குரல் கனிவாகவே ஆகிவிட்டது. அவள் குழந்தையாக இருந்தபோது கூட அவன் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. “அப்பம் ஒனக்கும்தான நல்லது. ரெண்டு பேரும் பேசாம இருந்துருவோம். அத்தைக்கு இது தெரிஞ்சா ஒன்னய இந்த ஊர்ல இருக்க விடுவாளா? போ, சட்டுனு எடுத்துட்டு வா. சங்குக்காரர் வந்தாச்சு.”

வாசலில் சங்கு ஒரு முறை ஒலித்து நின்றது. நான்கு பேர் வெள்ளைத் துணியை நான்கு முனையில் பிடித்து விரித்தார்கள். பித்தளைக் குடத்தை யாரோ கழுவிக் கவிழ்த்தார்கள். உள்ளே அத்தை அழுகையை நிறுத்திவிட்டு, “எங்க போனா அவ?” என்று கேட்பது தெளிவாகக் கேட்டது.

“ம். போ” என்று உமாசங்கர் கையை நீட்டினான்.

ஸ்ரீமதி அந்தக் கையைப் பார்த்தாள். அப்பாவின் கைதான். அதே அகன்ற கட்டைவிரல்.

“மாட்ட வேண்டாம் அண்ணா” என்றாள்.

“மதி.”

“இதுவே கெடக்கட்டும். அத்தை இன்னொரு தடவ கேக்கட்டும், சொல்லிருதேன்.”

அவள் குரல் உயரவில்லை. புடவைத் தலைப்பால் முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கத் திரும்பினாள். பந்தலிலிருந்து யாரோ “சங்கரு, நேரமாச்சுப்பா” என்று கூப்பிட்டார்கள். அவன் நகரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. உள்ளங்கையில் சாரல் துளித்துளியாகச் சேர்ந்துகொண்டிருந்தது.